பள்ளிப் பதிவேடும் பிழைப்பும்



சுக்கும் மிளகும் மணக்கின்ற மட்டாஞ்சேரிக் கடைத் தெருக்களுக்கு வருவோர், அரண்மனையையும் 1568-இல் எழுந்த யூதர் ஆலயத்தையும் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். அதே தெருக்களுக்கு வேறொரு வரலாறும் உண்டு. அது 'சாப்பா' என்னும் சிறிய உலோக வில்லையைப் பற்றியது. கப்பலில் சரக்கு ஏற்றவும் இறக்கவும் ஆள் வேண்டுமென்றால், அந்நாளில் ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி விடியற்காலையில் வந்து, கூடி நிற்கும் கூட்டத்தின் நடுவே சில வில்லைகளை வீசி எறிவான். பாய்ந்து பொறுக்கியவனுக்கு அன்று வேலை. பொறுக்க இயலாதவன் வீட்டில் அன்று அடுப்பு எரியாது. இந்த முறையை ஒழிக்க வேண்டுமென்று தொழிலாளர் போராடினர். 1953 செப்டம்பர் 15-ஆம் நாள் மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்து, உயிர்ச் சேதமும் நேர்ந்தது.

அந்தப் போராட்டத்தில் தொழிலாளர் கேட்டது யாது? சுருங்கச் சொன்னால், ஒரு பதிவேடு. 1948-ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர் பெயர்களைப் பதிவு செய்து, முறை வைத்து வேலை கொடுக்க வழி வகுத்திருந்தது. பெயர் ஏட்டில் இருந்தால், மேஸ்திரியின் தயவை நாட வேண்டுவதில்லை. வேலை இல்லாத நாளுக்கும் ஒரு சிறு தொகை கிடைக்கும். பெயரைப் பதிவு செய்வது தம்மைக் கட்டிப் போடுவதன்று, தமக்குக் காப்பு என்றே அன்று தொழிலாளர் கருதினர்.

இந்தப் பழங்கதையை இன்று நாம் நினைவு கூர்வதற்குக் காரணம் உண்டு. அந்தத் தொழிலாளரின் பேரப் பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும் இன்று வேறொரு பதிவேட்டில் ஏறிக்கொண்டிருக்கின்றனர். அது தொட்டிலுக்கு அருகே தொடங்கி, வேலைத் தலத்தின் வாயில் வரை நீளுகின்ற பதிவேடு. அதுவும் காப்புத்தானா, அல்லது கழுத்தில் மாட்டிய புதிய வில்லையா என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதலில் இந்தச் சங்கிலியின் கண்ணிகளை வரிசையாகக் காண்போம். குழந்தை அங்கன்வாடிக்குச் செல்லும்போதே அதன் எடையும் உயரமும் 2021-இல் வந்த 'போஷன் டிராக்கர்' என்னும் கைப்பேசிச் செயலியில் ஏறுகின்றன. பள்ளியில் சேர்ந்ததும், கேரளத்தில் 'சம்பூர்ணா' என்னும் கணினி ஏட்டில் அதன் பெயர் பதிவாகின்றது. ஒரு பள்ளியிலிருந்து மற்றொரு பள்ளிக்குப் போக வேண்டிய மாற்றுச் சான்றிதழும் அதன் வழியே வருகின்றது. நாடு முழுவதற்குமான 'யூடைஸ் பிளஸ்' என்னும் ஏடு, முன்பு பள்ளிவாரியாகத் தலைகளை மட்டும் எண்ணி வந்தது. 2022–23 முதல் ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியே பதிகின்றது. 2023-இல் 'அபார்' என்னும் 12 இலக்க எண் வந்தது. மதிப்பெண்களையும் சான்றிதழ்களையும் வாழ்நாள் முழுவதும் ஒரே எண்ணின் கீழ்ச் சேர்த்து வைப்பது அதன் நோக்கம். வேலைக்குப் போனால், வருங்கால வைப்பு நிதிக்கு 2014 முதல் 12 இலக்க எண் ஒன்று. அமைப்புசாராத் தொழிலாயின், 2021-இல் வந்த 'இ-ஷ்ரம்' பதிவில் மற்றொரு 12 இலக்க எண். இவை இன்னும் ஒரே ஏடாக இணைந்துவிடவில்லை. ஆயினும், பெரும்பாலானவற்றுக்கு ஆதாரே பொது முடிச்சாக நிற்பதால், ஒன்றோடொன்றைக் கோப்பது கடினமான வேலையன்று.

இதனால் விளையும் நன்மையை மறுப்பதற்கில்லை. தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறை 'எமிஸ்' என்னும் மாணவர் ஏட்டைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகின்றது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களில் எவர் கல்லூரியில் சேரவில்லை என்பதைப் பதிவுகளைக் கொண்டு கண்டறிந்து, அவர்களை அழைத்து வழி காட்டும் முயற்சி 'நான் முதல்வன்' திட்டத்தின் ஒரு பகுதியாக நடைபெறுகின்றது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்ற பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அவள் எந்தப் பள்ளியில் பயின்றாள் என்பதற்குப் பழைய பதிவே சான்று. அவள் அதற்காக அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டுவதில்லை.

எண்ணிப் பாருங்கள். முன்பு ஒரு பிள்ளை ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டால், பதிவேட்டில் சிவப்பு மையினால் ஒரு கோடு விழும், அத்துடன் சரி. அவன் பழக்கடையில் நிற்கின்றானா, கடலுக்குப் போனானா, ஊரை விட்டே போனானா என்று கேட்பார் இல்லை. எர்ணாகுளம் மாவட்டத்தில் பிற மாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக 2017-இல் 'ரோஷ்ணி' என்னும் திட்டம் தொடங்கியது. அத்தகைய பிள்ளைகள் தந்தையின் வேலையோடு ஊர் ஊராகப் பெயர்கின்றவர்கள். போகும் இடமெல்லாம் அவர்களோடு செல்லக் கூடிய ஒரு பதிவு இருந்தால், அது அவர்களுக்குப் பெரிய துணை. கண்ணில் படாத பிள்ளைக்குக் கை கொடுக்க எவராலும் இயலாது.

ஆனால் நன்மைக்கென்று எழுதிய ஏடே தீமைக்கும் வாயில் ஆகலாம். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, எழுத்துப் பிழை. மட்டாஞ்சேரியிலும் கொச்சிக் கோட்டையிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அவற்றுள் ஒரு சிறுமி எழிலரசி என்று வைத்துக்கொள்வோம்; தந்தை பெயர் முருகன். தமிழ் வழக்கப்படி அவள் மு. எழிலரசி. பள்ளிப் பதிவேட்டில், கேரள வழக்கையொட்டி, முதலெழுத்து பெயருக்குப் பின்னே போய் நிற்கின்றது. ஆதார் அட்டையிலோ அவள் எழிலரசி முருகன். ஆங்கில எழுத்தில் எழுதும்போது ழகரத்தை ஒருவர் ஒரு விதமாகவும், மற்றொருவர் வேறு விதமாகவும் எழுதுகின்றார். மனிதர் கண்ணுக்கு இவை யாவும் ஒரே சிறுமி. கணினிக்கோ மூன்று பேர். அபார் எண் பெற வேண்டுமாயின், பள்ளிப் பெயரும் ஆதார்ப் பெயரும் ஒத்திருத்தல் வேண்டும். ஆறு வயதில் ஒரு குமாஸ்தாவின் கை தவறியதை, இருபத்திரண்டாம் வயதில் வேலைக்கான சான்றிதழ்ச் சரிபார்ப்பின்போது அவள் சுமந்து நிற்க நேரிடும். முன்பு தலைமையாசிரியர் ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டால் தீர்ந்த காரியம், இன்று மூன்று அலுவலகங்களின் இசைவை வேண்டி நிற்கின்றது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டியவர் அவளுடைய தாயே.

இரண்டாவது, அழியாத முத்திரை. குழந்தைப் பருவம் என்பது தவறு செய்து திருந்துவதற்கு இயற்கை தந்த பருவம். ஐந்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றவன் பத்தாம் வகுப்பில் தேறுகின்றான். வீட்டில் நோய் வந்த ஆண்டில் பள்ளிக்குச் செல்லாதவன் மறு ஆண்டில் ஒழுங்காகச் செல்கின்றான். இவற்றை ஆசிரியர் மறந்துவிடுவார்; அந்த மறதியும் ஒரு கருணையே. கணினி மறப்பதில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் வேலை கொடுப்பவர் கையில் அந்தக் குறிப்பு கிடைத்தால், அவர் தம் முன் நிற்கும் இளைஞனைப் பார்ப்பாரா, பழைய குறிப்பைப் பார்ப்பாரா?

மூன்றாவது, நோக்கம் மாறுதல். இங்கிலாந்தில் 2016-இல் பள்ளிக் கணக்கெடுப்பில் மாணவரின் நாட்டுரிமையையும் பிறந்த நாட்டையும் கேட்கத் தொடங்கினர். குடியேறிய பெற்றோரை வேட்டையாட இது பயன்படும் என்று அஞ்சிப் பலர் விடை தர மறுத்தனர். 2018-இல் அந்தக் கேள்விகள் நீக்கப்பட்டன. அமெரிக்காவில் 'இன்புளூம்' என்னும் நிறுவனம் பல மாநிலங்களின் மாணவர் விவரங்களை ஒரே இடத்தில் திரட்ட 2013-இல் பெரும் பொருட்செலவில் முன்வந்தது. பெற்றோர் எதிர்ப்பினால் 2014-இலேயே மூடப்பட்டது. கல்விக்கென்று கேட்டது வேறொன்றுக்கும் போகுமோ என்ற ஐயம் எழுந்தால், பெற்றோர் பள்ளியையே நம்ப மாட்டார் என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன.

நம் நாட்டுச் சட்டம் இதில் என்ன சொல்கின்றது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-இல் தீர்ப்பளித்தனர். பள்ளியில் சேர ஆதாரைக் கட்டாயமாக்கலாகாது என்று 2018 செப்டம்பரில் அதே நீதிமன்றம் கூறிற்று. குழந்தைப் பருவத்தில் ஆதார் பெற்றவர், வயது வந்ததும் அதிலிருந்து விலக வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் கூறிற்று. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும் கூடாது. ஆனால் 2025 நவம்பரில் வெளியான விதிகள், கல்விப் பணிக்கும் பாதுகாப்புக்கும் வேண்டிய அளவில் கல்வி நிலையங்களுக்கு விலக்குத் தருகின்றன. அந்த 'வேண்டிய அளவு' எது என்பதில்தான் விழிப்பு வேண்டும்.

கொச்சிக் கோட்டைப் பக்கம் வேளியில் ஒரு சலவைத் துறை இருக்கின்றது. அங்கே தொழில் செய்வோர் தமிழகத்திலிருந்து வந்த முன்னோரின் வழித் தோன்றல்கள். சலவைக்கு வரும் துணிகளில் சேங்கொட்டைச் சாற்றினால் குறியிடும் பழைய வழக்கத்தை நாம் அறிவோம். எத்தனை வீட்டுத் துணிகள் கலந்தாலும், அந்தக் குறியைக் கொண்டு ஒவ்வொன்றும் தன் வீட்டுக்குத் திரும்பும். அந்தக் குறி மிகச் சிறியது. துணியின் ஓரத்தில் மறைவாக இருப்பது. துணிக்கு உரியவரின் நன்மைக்கே பயன்படுவது. மாணவர் பதிவுக்கும் இந்த இலக்கணமே போதும் என்பது நம் கருத்து. வேண்டியதை மட்டும் எழுதுக. கண்டவர் கண்ணில் படாமல் வைக்க. எவருடைய பதிவோ, அவருக்கே அது பயன்படுக.

இதற்குப் பெற்றோர் செய்யத் தக்கன சில உண்டு. பள்ளியில் ஒப்புதல் படிவம் தந்தால், படித்துப் பார்த்துக் கையொப்பமிடுங்கள். அபார் எண்ணுக்கு ஒப்புதல் தருவதும் தராததும் உங்கள் விருப்பம். பிள்ளையின் பெயரும் பிறந்த நாளும் எல்லா ஏடுகளிலும் ஒன்றுபோல் உள்ளனவா என்று ஆண்டுக்கு ஒரு முறை பாருங்கள். பிழை இருந்தால் பத்தாம் வகுப்புக்கு முன்பே திருத்தச் சொல்லுங்கள். எழுதப் படிக்க அறியாத பெற்றோருக்கு ஆசிரியர் படித்துக் காட்டுதல் வேண்டும். அரசாங்கம் செய்ய வேண்டியதும் உண்டு. பிழை திருத்த ஒரே இடமும் ஒரு கால வரம்பும் வேண்டும். பிள்ளைக்கு 18 வயது நிரம்பும் நாளில், அதன் பதிவு முழுவதையும் அதனிடமே காட்டி, எதை வைப்பது, எதை நீக்குவது என்று கேட்கும் வழக்கம் வர வேண்டும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். படிப்பிலிருந்து பிழைப்பு வரை ஓர் இளைஞனின் விவரங்களைத் தொடர்ந்து எழுதி வைத்துவிட்டு, முடிவில் அவனுக்கு வேலை தர வழியில்லையென்றால், அந்த ஏடும் அத்தகைய சுரைக்காயே. எத்தனை பேர் எங்கே நின்றுவிட்டனர் என்று ஏடு சொல்லும். நின்றவர் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் பணி மனிதருடையது. மட்டாஞ்சேரித் தொழிலாளர் தம் பெயரைப் பதிவேட்டில் எழுதச் சொன்னது, வீசி எறியும் வில்லைக்காகக் குனிய மாட்டோம் என்பதற்காக. அவர்தம் வழிவந்த பிள்ளைகளின் பெயரை எழுதுகின்ற கைகளும் அதனை நினைவிற் கொள்ளுமாக.