162.5 சென்டிமீட்டர்: ஹெலிகாப்டர் விமானி ஆவது பற்றி

(மயிலாப்பூரில் மாலைநேரப் பயிலகம் ஒன்றில் பத்து முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

 

போன வாரம் இங்கே பதினொன்றாம் வகுப்பு படிக்கிற ஒரு தங்கை கேட்டது: "அண்ணா, ஹெலிகாப்டர் ஓட்டக் கத்துக்க எவ்வளவு செலவாகும்?" பக்கத்தில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. தனியார் பள்ளியில் லைசென்ஸ் எடுக்கப் போனால் பல பத்து லட்சம் ஆகும். ராணுவத்தில் ஒரு ரூபாயும் ஆகாது. விமானப்படைப் பயிற்சியில் இருக்கும்போதே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகையும் தருகிறார்கள். பணமில்லாத வீட்டுப் பிள்ளை பறக்கக் கற்றுக்கொள்ள இந்த நாட்டில் ஏறக்குறைய இந்த ஒரு வழிதான் இருக்கிறது. அந்த வழியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. நான் பைலட் இல்லை. இருபது வருடம் விமானப்படையில் ஏர்மேன். ஹெலிகாப்டர் பழுது பார்க்கிற வேலை. பெல்காமில் அடிப்படைப் பயிற்சி, அப்புறம் தாம்பரம், சூலூர் என்று போனது வாழ்க்கை. ஒவ்வொரு முறை பறப்பதற்கு முன்னும் ஃபார்ம் 700 என்று ஒரு பதிவேட்டில் டெக்னீஷியன் கையெழுத்துப் போடுவான். இந்த இயந்திரம் பறக்கத் தகுதியானது என்பதற்கு அந்தக் கையெழுத்துதான் சாட்சி. அதைப் பார்த்துவிட்டு பைலட் கீழே கையெழுத்துப் போட்டு ஏறுவார். நான் மேலே போட்டவன். அந்தப் பக்கத்தில் கீழே கையெழுத்துப் போட நம் தெருப் பிள்ளை ஒருத்தரும் வரக் காணோம் என்பதுதான் இருபது வருடமாக எனக்கு உறுத்தல்.

2024 அக்டோபர் 6 ஞாபகம் இருக்கும். விமானப்படையின் 92ஆம் ஆண்டுக்கு மெரினாவில் சாகசக் காட்சி. நொச்சிக்குப்பம், டும்மிங்குப்பம் பிள்ளைகள் ஹவுசிங் போர்டு மொட்டை மாடியிலிருந்தே பார்த்தீர்கள். மற்றவர்கள் வெயிலில் மணலில் நின்றார்கள், ரயிலில் தொங்கினார்கள், தண்ணீர் கிடைக்காமல் தவித்தார்கள். 5 பேர் செத்துப்போனார்கள். அன்று சாரங் குழுவின் ஹெலிகாப்டர்களைக் காட்டி "அது நான்" என்று கத்திய பிள்ளைகளை நான் பார்த்தேன். வேடிக்கை பார்க்க நம்மை லட்சக்கணக்கில் கூப்பிடுகிறார்கள். ஓட்டுவதற்கு எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று பார்ப்போம்.

வழிகள் பல. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் யூ.பி.எஸ்.சி. நடத்தும் என்.டி.ஏ. தேர்வு. பட்டம் வாங்கியபின் சி.டி.எஸ்., அல்லது விமானப்படையே நடத்தும் ஏ.எஃப்.கேட். என்.சி.சி.யில் 'சி' சான்றிதழ் இருந்தால் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே நேர்முகத்துக்குப் போகிற வழியும் உண்டு. என்.டி.ஏ.வில் பெண்களை 2022 வரை சேர்க்கவில்லை. அதற்கு முந்தைய வருடம் உச்சநீதிமன்றம் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. எந்த வழியாகப் போனாலும் விமானி ஆக ஒரு நிபந்தனை பொது: பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும்.

இங்கேதான் முதல் வடிகட்டல். பதினாறு வயதில் நடந்துவிடுகிறது, நமக்குத் தெரியாமலே. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் "உனக்கு ஃபர்ஸ்ட் குரூப் வராதும்மா, காமர்ஸ் எடு" என்று அன்போடுதான் சொல்வார்கள். காமர்ஸ் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையில் ஹெலிகாப்டர் போய்விட்டது என்பதை அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. மயிலாப்பூர் மாடவீதியில் இருக்கிற வீட்டில் அதைச் சொல்ல மாமா ஒருவர் இருப்பார். பல்லக்கு மாநகரில் யார் இருக்கிறார்கள்?

எழுத்துத் தேர்வு தாண்டினால் ஐந்து நாள் நேர்முகம், எஸ்.எஸ்.பி. மைசூரு, டேராடூன், வாரணாசி மாதிரி ஊர்களில் நடக்கும். ஒரு படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். 60 வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் 15 வினாடியில் ஒரு வாக்கியம். குழுவாக உட்கார்ந்து விவாதம். கயிறு, பலகை, பீப்பாய் கொடுத்து ஒரு பள்ளத்தைத் தாண்டச் சொல்வார்கள். தனியாக நின்று மூன்று நிமிடம் பேச வேண்டும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

போனதும் நிரப்புகிற படிவத்தில் அப்பா என்ன வேலை, என்ன சம்பளம், அம்மா எதுவரை படித்தார், எந்த ஊரில் அதிக காலம் இருந்தாய் என்று கேட்பார்கள். அதிகாரி உன்னைப் பேட்டி எடுக்கும்போது அந்தப் படிவம் அவர் கையில் இருக்கும். அவர்கள் தேடுவது அதிகாரிக்குரிய பதினைந்து குணங்களை. தைரியம், பொறுப்பு, சேர்ந்து வேலை செய்வது என்று பட்டியல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த நடையில், எந்த மொழியில், எந்தக் குரலில் வந்தால் ஒன்று தைரியமாகத் தெரிகிறது, எப்படி வந்தால் திமிராகத் தெரிகிறது? சாப்பாட்டு மேசையில் அப்பாவோடு ஆங்கிலத்தில் வாதாடி வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஐந்து நாள் வீடு மாதிரி. பெரியவர் பேசும்போது வாயைத் திறக்காதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு?

அபிலாஷா பராக் தெரியுமா? ராணுவத்தின் வான்பிரிவில் போர் ஹெலிகாப்டர் விமானியான முதல் பெண். நம் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலிருந்து அதிகாரியாக வெளியே வந்தவர். 2022 மே 25 அன்று நாசிக்கில் விமானிக்கான இறக்கைச் சின்னத்தைக் குத்திக்கொண்டார். அவருடைய அப்பா ராணுவ கர்னல். கார்கில் போரில் சீட்டா ஹெலிகாப்டர் ஓட்டிய குஞ்சன் சக்சேனாவின் அப்பாவும் ராணுவ அதிகாரிதான். இதைச் சொல்வதால் அவர்கள் திறமை ஒரு துளியும் குறையாது. பெண் என்று ஏளனம் செய்த இடத்தில் நின்று காட்டியவர்கள். நான் சொல்வது, அந்தப் படிவத்தில் அப்பாவின் வேலை என்ற கட்டத்தை அவர்கள் நிரப்பும்போது கை நடுங்கியிருக்காது என்பதை மட்டும்தான்.

எஸ்.எஸ்.பி.யில் ஒரு சோதனையை மட்டும் எனக்குப் பிடிக்கும். விமானி ஆவதற்கான கணினித் தேர்வு. கம்பியைக் கையால் ஆட்டி, பெடலைக் காலால் மிதித்து, திரையில் ஓடுகிற புள்ளியைப் பிடிக்க வேண்டும். கண்ணும் கையும் காலும் ஒன்றாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது. அதற்கு ஆங்கிலம் தேவையில்லை, அப்பா தேவையில்லை. ஆனால் வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்புதான். தோற்றால் மறுபடி கிடையாது. அதனால் தயாரிப்பு இல்லாமல் "போய்ப் பார்ப்போம்" என்று போகாதீர்கள்.

ஏன் அப்படிச் சோதிக்கிறார்கள் என்றால், ஹெலிகாப்டர் அப்படிப்பட்ட வண்டி. இடது கையில் ஒரு நெம்புகோல், அதைத் தூக்கினால் மேலே போகும். வலது கையில் குச்சி, அதைச் சாய்க்கிற பக்கம் நகரும். காலில் இரண்டு பெடல், அது வால் விசிறிக்கு. மேலே இருக்கிற பெரிய விசிறி ஒரு பக்கம் சுற்றும்போது உடம்பு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். வால் விசிறிதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. இடது கையை ஒரு அங்குலம் தூக்கினாலும் மூக்கு திரும்பும், உடனே கால் போக வேண்டும். கால் போனால் வலது கை சரிசெய்ய வேண்டும். விமானம் முன்னால் போய்க்கொண்டே இருப்பதால் கொஞ்சம் மன்னிக்கும். ஹெலிகாப்டரை ஒரே இடத்தில் அந்தரத்தில் நிறுத்துவதுதான் கஷ்டம். பயிற்சிக்கு வருகிறவர்கள் முதல் நாள் மைதானம் முழுக்க அலைவார்கள். இன்ஜின் நின்றுபோனால்? நெம்புகோலை உடனே கீழே இறக்கினால், கீழிருந்து வருகிற காற்றே விசிறியைச் சுற்றவைக்கும். அந்தச் சுழற்சியை வைத்துத் தரை இறங்கலாம். நீங்கள் இயற்பியல் புத்தகத்தில் படிக்கிற உந்தமும் திருப்புவிசையும்தான் இது, வேறு மாயம் ஒன்றுமில்லை.

தேர்வானால் ஹைதராபாத் அருகே டுண்டிகல் அகாடமி. முதலில் எல்லோருக்கும் சிறு விமானம். அதற்குப் பிறகுதான் போர் விமானம், சரக்கு விமானம், ஹெலிகாப்டர் என்று பிரிப்பார்கள். ஹெலிகாப்டர் கிடைத்தால் ஹக்கீம்பேட்டை. கடற்படைக்கான ஹெலிகாப்டர் பள்ளி நம் பக்கத்திலேயே, அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியில் இருக்கிறது. 2024 ஜூன் 7 அன்று அங்கேதான் சப் லெப்டினன்ட் அனாமிகா ராஜீவ் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானியாக வெளியே வந்தார். அதே நாளில் லடாக்கிலிருந்து கடற்படை அதிகாரியான முதல் ஆள், ஜம்யாங் செவாங், அவரும் இறக்கை வாங்கினார். பனிமலையிலிருந்து அரக்கோணம் வரை ஒருவர் வந்துவிட்டார். மாம்பலத்திலிருந்து அரக்கோணம் எவ்வளவு தூரம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். விமானிக்குக் குறைந்தபட்ச உயரம் 162.5 செ.மீ. காலின் நீளம் 99 செ.மீ.க்குக் குறையக் கூடாது. பெடல் எட்ட வேண்டுமே, நியாயமான விதிதான். ஆனால் உயரம் எங்கிருந்து வருகிறது? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளிடம் இது இன்னும் கூடுதல். நான்கு வயதில் கிடைக்காத முட்டை, இருபது வயதில் டேப்பில் தெரியும். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தைச் சிலர் கிண்டல் செய்தபோது எனக்கு அந்த டேப்தான் ஞாபகம் வந்தது.

இட ஒதுக்கீடு? சைனிக் பள்ளியில் உண்டு. உடுமலைப்பேட்டை அருகே அமராவதி நகரில் 1962 முதல் ஒன்று நடக்கிறது. ஆறாம் வகுப்பில் சேரும்போது பட்டியல் சாதிக்கு 15, பழங்குடிக்கு 7.5 விழுக்காடு. அங்கே படித்துவிட்டு என்.டி.ஏ. வாசலுக்குப் போனால் ஒதுக்கீடு முடிந்துவிடும். முப்படைச் சேர்க்கையில் கிடையாது. வயதுத் தளர்வும் கிடையாது. யூ.பி.எஸ்.சி. விண்ணப்பக் கட்டணம் மட்டும் இலவசம். அதிகாரிகளில் எத்தனை பேர் தலித் என்று கேட்டால், சாதி பார்த்து எடுப்பதில்லை, அதனால் கணக்கு இல்லை என்பதே வழக்கமான பதில். சாதி பார்ப்பதில்லையா? குடியரசுத் தலைவரின் மெய்க்காப்புப் படைக்கு ராஜபுத்திரர், ஜாட், ஜாட் சீக்கியர் ஆகியோரைத்தான் எடுக்கிறோம் என்று உச்சநீதிமன்றத்திலேயே ராணுவம் சொன்னது. எடுப்பதற்குச் சாதி தெரிகிறது. எண்ணுவதற்குத் தெரியவில்லை.

இது புதிதல்ல. பாபாசாகேப் அம்பேத்கர் மோவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்தவர். அப்பா ராம்ஜி சுபேதார், ராணுவப் பள்ளியில் ஆசிரியர். அந்த வேலை இல்லையென்றால் அந்த வீட்டில் அவ்வளவு படிப்பு வந்திருக்குமா என்பது சந்தேகம். அதே மகர்களைப் 'போர்க்குடி' இல்லை என்று சொல்லி வெள்ளையர் 1890களில் படையில் சேர்ப்பதை நிறுத்தினார்கள். மறுபடி மகர் ரெஜிமெண்ட் வந்தது 1941இல். நம் பக்கத்தில் மெட்ராஸ் சாப்பர்ஸில் பறையர்கள் பெருமளவில் இருந்தார்கள். பாலம் கட்டினார்கள், பதுங்குகுழி வெட்டினார்கள். கை நம்முடையது, உத்தரவு வேறொருவருடையது. என் ஃபார்ம 700 கதையும் அதுதான்.

ஒரு முகாமில், எந்த முகாம் என்பது வேண்டாம், ஒரு மேலதிகாரி என்னிடம் "பூரா நாம் க்யா ஹை?" என்று மூன்று தடவை கேட்டார். என் பெயரையும் அப்பாவின் முதல் எழுத்தையும் மூன்று தடவையும் சொன்னேன். அவருக்குத் தேவைப்பட்டது பெயர் இல்லை, வால். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடுவதென்று தீர்மானம் போட்ட ஊரிலிருந்து வந்தவன் சார் என்று சொல்லியிருக்கலாம். இந்தியில் அதைச் சொல்ல அப்போது வரவில்லை. இப்போது வரும்.

இங்கே ஒரு தோழர் முறைத்துக்கொண்டே இருக்கிறார். புரிகிறது தோழர். இந்த அரசின் படையில் நம் பிள்ளை ஏன் சேர வேண்டும்? 1987இல் யாழ்ப்பாணத்தில் இந்தியப் படை ஹெலிகாப்டரிலும் இறங்கியது. எம்.ஐ.-25 ஹெலிகாப்டர்கள் அங்கே எதற்குப் போயின என்று தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈழத்து அம்மாக்களுக்கு அந்தச் சத்தம் வேறு. இதை மறைத்துவிட்டு உங்களிடம் வானத்தை விற்க நான் வரவில்லை. உத்தரவு வந்தால் போக வேண்டிய வேலை இது. 2015 டிசம்பரில் அடையாறு ஊருக்குள் வந்தபோது கூரையிலிருந்து மக்களைத் தூக்கியதும் இதே வேலைதான். 2021 ஆகஸ்டில் மத்தியப் பிரதேச வெள்ளத்தில் தீபிகா மிஸ்ரா என்ற பெண் விமானியின் ஹெலிகாப்டர் 47 உயிர்களைக் காப்பாற்றியது. இரண்டையும் தெரிந்துகொண்டு வேண்டாம் என்று சொல்லுங்கள், மதிக்கிறேன். ஆனால் வேண்டாம் என்று சொல்கிற உரிமைகூட, வாசல் திறந்திருப்பவனுக்குத்தான் இருக்கிறது. நமக்குப் பதிலாக உயரமும் படிவமும் அதைச் சொல்லிவிடுகின்றன.

ஆபத்தும் உண்டு. 2021 டிசம்பர் 8, சூலூரிலிருந்து வெலிங்டன் போன எம்.ஐ.-17 குன்னூர் அருகே விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி உட்பட 14 பேர் இறந்தார்கள். உங்கள் அம்மாவிடம் இதையும் சொல்லிவிட்டுத்தான் விண்ணப்பம் போட வேண்டும்.

கடைசியாக ஒன்று. நான் போன வழி இப்போது அடைபட்டுவிட்டது. 2022 ஜூனில் அக்னிபத் வந்த பிறகு ஏர்மேன் வேலை நான்கு வருடம்தான். நான்கில் ஒருவரை மட்டும் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. ஆகவே அதிகாரி வழியைத்தான் பார்க்க வேண்டும். ஏ.எஃப்.கேட் வருடத்துக்கு இரண்டு முறை வரும். விமானிப் பிரிவுக்கு 20 முதல் 24 வயது, பட்டத்தில் 60 விழுக்காடு, பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு, இயற்பியல் இரண்டிலும் தலா 50.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் குரூப் எடுப்பதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். எல்லோரும் இந்த மாதமே கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பெசன்ட் நகர் கடற்கரையில் ஓட்டம். ஏழரைக்கு அங்கேயே மணலில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் மூன்று நிமிடப் பேச்சு, தப்பாகப் பேசினாலும் பரவாயில்லை. முதல் தலைப்பு, அந்தத் தங்கை கேட்டாளே, செலவு. அவளே தொடங்கட்டும்.