ஒரு பொட்டலம், ஒரு லிட்டர்



சவ்வூடு பரவல் பாடத்தை நான் எப்படி நடத்துகிறேன் என்று பேசச் சொன்னார்கள். எங்கே தவறினேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி. வரையறையைப் பிசகாமல் ஒப்பிப்பாள். ஒருநாள் அவள் தம்பிக்கு வயிற்றுப்போக்கு. ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை முழுவதுமாக ஒரே டம்ளரில் கரைத்துக் கொடுத்திருக்கிறாள். போக்கு அதிகமானது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் கண்டித்திருக்கிறார். பையன் பிழைத்துக்கொண்டான். மறுநாள் அவள் கேட்டாள்: "மருந்து கெட்டியா இருந்தா நல்லதுதானே டீச்சர்?"

ஐந்து மதிப்பெண் விடை எழுதத் தெரிந்த பிள்ளைக்கு இது தெரியவில்லை. குறை என்னுடையது.

இப்போது பாடத்தை உருளைக்கிழங்கில் தொடங்குகிறேன். மெல்லிய துண்டுகளில் சிலவற்றை வெறும் நீரிலும், சிலவற்றைக் கெட்டியான உப்புநீரிலும் போடுகிறோம். ஒரு மணி நேரம் கழித்து மாணவர்களே வளைத்துப் பார்ப்பார்கள். நீரில் கிடந்தது விறைப்பாக இருக்கும். உப்புநீரில் கிடந்தது துவண்டுவிடும். செல்லில் இருந்த நீர் சவ்வைக் கடந்து கெட்டியான பக்கம் போய்விட்டது. குடலுக்குள் கெட்டியான கரைசல் இருந்தாலும் இதேதான்: உடம்பின் நீர் குடலுக்குள் இழுக்கப்படுகிறது.

சரியான அளவில் கரைத்தால் என்ன ஆகிறது? சிறுகுடல் செல்லின் சவ்வில் ஒரு புரதம் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே எடுத்துக்கொள்கிறது. அவற்றைத் தொடர்ந்து நீரும் உள்ளே போகிறது. காலராவிலும் இந்த வழி அடைபடுவதில்லை. உப்போடு சர்க்கரை ஏன் என்ற கேள்விக்கும் இதுவே விடை.

1971இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் போங்கான் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனோபிஸ் குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா கலந்த கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு, 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

ஆசிரியர்களே, இந்தப் பாடத்தன்று ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையும் லிட்டர் பாட்டிலையும் வகுப்புக்குக் கொண்டுபோங்கள். உறையில் அச்சிட்டுள்ள அளவை ஒரு மாணவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். "டம்ளரில் கரைத்தால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். வரையறையைப் பிறகு எழுதிப் போடலாம்.