யாரை ஏற்பது, எந்த அளவுகோலால்?

பிற நாட்டிலிருந்து வந்து குடியேற விரும்புவோரில் யாரை ஏற்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பது எல்லை வகுத்துக்கொண்ட ஒவ்வொரு நாடும் விடை சொல்லியாக வேண்டிய கேள்வி. பிறப்பைப் பார்த்து ஏற்ற நாடுகள் இருந்தன. படிப்பைப் பார்க்கும் நாடுகள் இருக்கின்றன. உறவையும், உழைப்பையும், உயிருக்கு உள்ள ஆபத்தையும் பார்ப்பவை உண்டு. இவற்றில் எது நியாயம் என்பதை ஆராயச் செஞ்சியைச் சுற்றியுள்ள பழைய தென்னார்க்காட்டுப் பகுதி பொருத்தமான இடம். அயல்நாட்டார் வந்து தங்கிய நிலமும் இதுதான். பிழைப்புத் தேடி மக்கள் அயல்நாடு போன நிலமும் இதுதான்.

செஞ்சியை ஆண்டவர்களிடம் இந்தக் கேள்வி வணிகத்தின் வழியாக வந்தது. செஞ்சி நாயக்கர்களின் ஆட்சி கடலூர்க் கரை வரை பரவியிருந்தது. 1608ஆம் ஆண்டு, அந்தக் கரையிலுள்ள தேவனாம்பட்டினத்தில் தங்கி வணிகம் செய்ய டச்சுக்காரர்கள் செஞ்சி நாயக்கரிடம் அனுமதி பெற்றார்கள். அவர்களுக்கு முன்பே வந்திருந்த போர்த்துக்கீசியர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். பின்னர் செஞ்சிக் கோட்டை மராட்டியர் கைக்கு வந்தது. முகலாயரோடு போரில் இருந்த மராட்டிய மன்னர் ராஜாராம், 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றார். கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு போய் விழும் தொலைவு வரை உள்ள ஊர்களும் கம்பெனிக்குச் சேரும் என்பது அன்றைய ஏற்பாடு. செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் பெற்றது அதுதான். 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது, கம்பெனியின் சோழமண்டலக் கரைத் தலைமையிடமாக ஆனதும் அதுவே.

வந்தவர் நாட்டையே எடுத்துக்கொள்வார் என்ற அச்சத்துக்கு இந்த வரலாறு ஒரு சான்று. ஆனால் இங்கே வந்தவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்குப் பின்னால் கப்பற்படை இருந்தது. கையில் பீரங்கி இருந்தது. சொந்தச் சட்டமும் கொடியும் இருந்தன. கோட்டை கட்ட வந்தவர் வேறு, கூலிக்கு வந்தவர் வேறு. முன்னவரால் எழுந்த அச்சத்தைப் பின்னவர்மேல் சுமத்தியதுதான் குடியேற்றச் சட்டங்களின் வரலாற்றில் திரும்பத் திரும்ப நடந்த அநீதி.

கூலிக்குப் போனவர்களின் கதை பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருகுகிறது. பஞ்சமும் கடனும் நிலமின்மையும் துரத்த, வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களின் உழைப்பாளிகள் மொரிசியசுக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனார்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் போன முதல் கூட்டம் அது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படிப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தவர்.

ஒப்பந்தம் முடிந்தவர்கள் அங்கேயே காய்கறி பயிரிட்டும் கடை வைத்தும் வாழத் தொடங்கியதும் நேட்டால் அரசின் போக்கு மாறியது. ஒப்பந்தம் முடித்துத் தங்குவோர்மேல் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி விதிக்க 1895இல் சட்டம் வந்தது. ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதத் தெரியாதவர் புதிதாகக் குடியேறக் கூடாது என்று 1897இல் இன்னொரு சட்டம் வந்தது. அதில் இனத்தின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் யாரைத் தடுக்க அது எழுதப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இதைப் பார்த்து ஆஸ்திரேலியாவும் 1901இல் எழுத்துத் தேர்வு ஒன்றைக் கொண்டுவந்தது. எந்த ஐரோப்பிய மொழியில் தேர்வு என்பதை அதிகாரியே முடிவு செய்யலாம். வேண்டாதவரைத் தெரியாத மொழியில் எழுதச் சொல்லித் தோற்கடிக்கலாம். 1958 வரை அது நீடித்தது. சுதந்திரமாக வர விரும்பிய இந்தியரைத் தடுத்த அதே நேட்டால், ஒப்பந்தக் கூலிகளை மட்டும் மேலும் பல ஆண்டுகள் வரவழைத்துக்கொண்டே இருந்தது. உழைப்பு வேண்டும், உழைப்பவர் வேண்டாம் என்பதே அந்தக் கொள்கையின் சாரம்.

இந்த மனப்போக்கின் விளைவை முழு அளவில் காண இலங்கையின் மலையகத்தைப் பார்க்க வேண்டும். கங்காணிகள் திரட்டிய தமிழ்த் தொழிலாளர்கள் முதலில் காப்பித் தோட்டங்களையும் பின்னர் தேயிலைத் தோட்டங்களையும் உருவாக்கினார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து, அங்கேயே மடிந்தார்கள். நாடு விடுதலை பெற்ற 1948இலேயே வந்த குடியுரிமைச் சட்டம், தந்தையோ தந்தைவழி முன்னோரோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவே இல்லாத தோட்டத்து லயன் குடியிருப்புகளில் அந்தச் சான்றுக்கு எங்கே போவது? ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்து வாக்குரிமையும் பறிபோனது.

1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. சம்பந்தப்பட்ட மக்களின் விருப்பத்தைக் கேட்டு எழுதப்பட்ட ஒப்பந்தம் அல்ல அது. தாயகம் திரும்பியோர் என்ற பெயரில் தமிழ்நாட்டுக்கு வந்தவர்களில் பலர் இந்த மண்ணை முன்பு பார்த்ததே இல்லை. அவர்களுக்கு வேலை தருவதற்காக நீலகிரியில் 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள்தான் இன்றைய டான்டீ நிறுவனம். இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை கிடைக்க 2003இல் தனிச் சட்டம் வர வேண்டியிருந்தது.

இன்று பல நாடுகள் பிறப்பையும் இனத்தையும் வெளிப்படையாகக் கேட்பதில்லை. கனடா 1967இல் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. வயது, கல்வி, மொழியறிவு, தொழில் அனுபவம் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. தேவையான கூட்டுத்தொகையை எட்டியவர் எந்த நாட்டவரானாலும் தகுதி பெறுவார். விதி முன்கூட்டியே தெரியும், முயன்றால் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ளலாம் என்பன இதன் சிறப்பு. குறையும் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரியில் மக்கள் வரிப்பணத்தில் படித்த மருத்துவரை வளமான நாடு செலவின்றிப் பெற்றுக்கொள்கிறது. அவரைப் படிக்கவைத்த மாவட்டம் இழக்கிறது. விவசாயக் கூலிக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் இந்த முறையில் வழியே கிடைப்பதில்லை.

அமெரிக்கா 1965இல் நாட்டுக்கு நாடு வேறுபட்ட ஒதுக்கீட்டைக் கைவிட்டுக் குடும்ப உறவுக்கு முதலிடம் தந்தது. வேலைக்கான எச்1பி விசா ஆண்டுக்கு 85,000 என்ற வரம்பு உடையது. வேலைவழி நிரந்தரக் குடியிருப்பில் எந்த ஒரு நாட்டவரும் பொதுவாக 7 விழுக்காட்டுக்கு மேல் பெற முடியாது என்ற விதியால், இந்தியர்கள் பல்லாண்டுகள் வரிசையில் காத்திருக்கிறார்கள். வளைகுடா நாடுகளில் முதலாளியின் பொறுப்பில் வேலை செய்யும் கஃபாலா முறை வளர்ந்தது. சில நாடுகள் அதைத் தளர்த்தியிருந்தாலும், எத்தனை ஆண்டு உழைத்தாலும் சாதாரணத் தொழிலாளிக்கு அங்கே குடியுரிமை எட்டாக்கனிதான்.

இந்தியாவுக்கும் இதே கேள்வி உண்டு. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆனாலும் 1983 முதல் வந்த ஈழத்தமிழருக்குத் தமிழ்நாடு இடம் கொடுத்தது. செஞ்சி அடங்கிய விழுப்புரம் மாவட்டத்திலேயே, கீழ்ப்புத்துப்பட்டில் அவர்களது முகாம் இருக்கிறது. அகதிகள் முகாம் என்ற பெயரைத் தமிழக அரசு 2021இல் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. ஆனால் முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் குடியுரிமை எளிதில் கிடைப்பதில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்கு மட்டுமே வழி திறந்தது. இலங்கையும் முஸ்லிம்களும் அதில் இல்லை. துன்பத்தை அளவுகோலாகக் கொள்ளாமல் நாட்டையும் மதத்தையும் கொண்டது என்பதே அச்சட்டத்தின்மீது எழுந்த முதன்மையான மறுப்பு.

அறிஞர்களிடையே இரு துருவக் கருத்துகள் உண்டு. எங்கே பிறப்பது என்பது யாரும் தேர்ந்தெடுப்பதல்ல, ஆகவே எல்லைகள் பெரும்பாலும் திறந்திருக்க வேண்டும் என்று ஜோசப் கேரன்ஸ் வாதிட்டார். தங்கள் சமூகத்தில் யார் சேர்வது என்பதை முடிவுசெய்யும் உரிமை ஒரு நாட்டு மக்களுக்கு உண்டு என்றார் மைக்கேல் வால்சர். ஆனால் அவரும் ஒரு வரம்பு விதித்தார். உள்ளே அழைத்து வேலை வாங்கியவரை என்றென்றும் வெளியாராகவே வைத்திருக்கக் கூடாது என்பது அது.

ஒரு நாட்டின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் வீடுகளும் அளவுக்கு உட்பட்டவை. உள்ளூர்த் தொழிலாளியின் கூலி குறையுமோ என்ற கவலையும் புறக்கணிக்கத்தக்கதல்ல. ஆகவே எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பது அநீதி அன்று. வரம்புக்குள் தேர்ந்தெடுக்கும் முறையே நியாயத்தைத் தீர்மானிக்கிறது. விதி முன்கூட்டியே வெளியிடப்பட வேண்டும். எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவரால் மாற்றிக்கொள்ள முடியாத பிறப்பையும் நிறத்தையும் மதத்தையும் அது பார்க்கக் கூடாது. உயிருக்கு அஞ்சி வருபவரிடம் பயன் என்ன என்று கேட்காமல் ஆபத்து என்ன என்று கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உழைக்க அழைக்கப்பட்டவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் குடியுரிமைக்கு ஒரு வழி இருக்க வேண்டும். நேட்டாலும் மலையகமும் அந்த வழியை அடைத்ததால் பல தலைமுறைகள் பட்ட துன்பமே இதற்குப் போதுமான சான்று.