சுவரைத் துளைக்கும் முன்: கண்டுபிடிக்கும் கருவி வாங்குவது பற்றி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், வீட்டுப் பழுது பார்க்கும் சேவைக் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கள் சேவைக் குழு கூட்டமைப்பிடம் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறது. சுவருக்குள் வயர், பைப், கம்பி எங்கே போகிறது என்று காட்டும் கருவி ஒன்று வேண்டும், அதற்குப் பொது நிதியிலிருந்து பணம் ஒதுக்குங்கள் என்று. "சுவத்துல ஓட்டை போடறதுக்கு மெஷின் இருக்கே, ஓட்டை போடற இடத்தைப் பாக்கறதுக்கும் ஒரு மெஷினா?" என்று கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்கள். சரியான கேள்வி. சந்தாப் பணம் ஒவ்வொரு ரூபாயும் யாரோ ஒருத்தி வேர்வை. அதனால் ஏன் வேண்டும், எது வேண்டும், எது வேண்டவே வேண்டாம் என்பதைச் சொல்ல எனக்கு இந்த நேரத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

முன்பெல்லாம் நம்ம வீடுகளில் வயர் வெளியே தெரியும். மரச்சட்டம் அடித்து, அதன் மேல் வயரைக் கிளிப்பில் பிடித்து, சுவர் ஓரமாகவே கொண்டு போவார்கள். குருடனுக்கும் தெரியும் கரண்டு எங்கே ஓடுகிறது என்று. இப்போது தொகுப்பு வீட்டில்கூட சுவரை வெட்டி, பி.வி.சி. பைப்பைப் புதைத்து, மேலே பூசி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் பைப் பூச்சுக்கு உள்ளே ஒரு அங்குல ஆழத்தில்கூட இருக்கும். நாம் டிவி ஸ்டாண்டு மாட்டவோ, தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் மாட்டவோ போடும் துளை ஒன்றரை, இரண்டு அங்குலம் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிட் வயரைத் தொட்டால் 230 வோல்ட். இரும்பு உடம்புள்ள பழைய டிரில்லிங் மெஷினாக இருந்தால் அது நம்ம கைக்கே வரும். நாங்கள் வேலை செய்வது பெரும்பாலும் ஸ்டூல் மேலோ ஏணி மேலோ நின்றுகொண்டு. ஷாக் லேசாக இருந்தாலும் விழுகிற விழுகை லேசாக இருக்காது.

இந்தக் கருவியைக் கடையில் 'ஸ்டட் ஃபைண்டர்' என்று கேட்டால் கொடுப்பார்கள். அந்தப் பேரிலேயே ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஸ்டட் என்றால் சுவருக்குள் நிற்கும் செங்குத்துச் சட்டம். அமெரிக்கா மாதிரி நாடுகளில் வீட்டுச் சுவரே மரச்சட்டத்தை வரிசையாக நட்டு, இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகை அடித்ததுதான். சட்டத்துக்குச் சட்டம் பெரும்பாலும் 16 அங்குலம். பலகையில் மட்டும் ஆணி அடித்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பின்னால் சட்டம் இருக்கும் இடத்தில்தான் அடிக்க வேண்டும். அந்தச் சட்டத்தைத் தேடுவதற்கு உண்டான கருவி அது. பலகைக்குப் பின்னால் வெறும் காற்றா, கட்டையா என்கிற வித்தியாசத்தை மின்சார முறையில் உணர்ந்து விளக்கு எரியும்.

நம்ம ஊர்ச் சுவருக்குள் சட்டம் ஏது? செங்கல், இல்லையென்றால் நெய்வேலிச் சாம்பலில் செய்த ஃப்ளை ஆஷ் கல், இல்லையென்றால் ஹாலோ பிளாக். ஒரு கல் சுவர் 9 அங்குலம், அரைக் கல் சுவர் நாலரை அங்குலம். அதனால் சட்டம் மட்டும் தேடும் மலிவுக் கருவியை இங்கே கொண்டுவந்து சுவரில் வைத்தால், அது எல்லா இடத்திலும் கத்தும், இல்லையென்றால் எங்கேயுமே கத்தாது. ஈரச் சுவராக இருந்தால் கேட்கவே வேண்டாம். மழைக்காலத்தில் நம்ம பக்கம் எந்தச் சுவர் ஈரமில்லாமல் இருக்கிறது?

நாம் தேடுவது மூன்றே மூன்று. கரண்டு வயர், தண்ணீர் பைப், லிண்டலிலும் தூணிலும் இருக்கும் கம்பி. ஆக, உலோகம் காட்ட வேண்டும், உயிருள்ள வயரைத் தனியாகக் காட்ட வேண்டும். இந்த இரண்டும் இல்லாத கருவி எவ்வளவு விலை குறைவாகக் கொடுத்தாலும் நமக்கு ஆகாது.

பெட்டி மேல் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு உதாரணம் சொல்கிறேன். பாஷ் கம்பெனியின் ஜி.எம்.எஸ். 120 என்று ஒரு மாடல். 120 என்றால் 120 மில்லிமீட்டர் ஆழம் வரை பார்க்கும் என்று அர்த்தம். ஆனால் அது இரும்புக்கு மட்டும். செம்புக்கு 80. கரண்டு இருக்கும் வயருக்கு 50, மரத்துக்கு 38. அவர்கள் மறைக்கவில்லை, உள்ளே தெளிவாகத்தான் போட்டிருக்கிறார்கள். அந்த எண்களும் எல்லாம் சரியாக அமைந்தால் கிடைக்கிற அதிகபட்சம். நமக்கு 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம் போதும், ஏனென்றால் நம்ம துளை அதற்கு மேல் போவதில்லை. எந்தக் கம்பெனிக் கருவியாக இருந்தாலும் வயருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். கடைக்காரர் இரும்புக் கணக்கைச் சொல்லி நழுவப் பார்ப்பார்.

சரி, கருவி நம்பிக்கையானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பீங்கான் யூனிட்டில் வேலை செய்யும் அக்காக்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சூளையிலிருந்து வந்த சாமானை எடுத்து விரலால் ஒரு தட்டு தட்டுகிறீர்கள். 'ணங்' என்றால் நல்லது, 'டொப்' என்றால் உள்ளே விரிசல். கண்ணுக்குத் தெரியாததைக் காது சொல்லிவிடுகிறது. ஆனால் அந்தக் காது எப்படி வந்தது? நல்ல சாமான் எப்படிச் சத்தம் போடும் என்று முதலில் தெரிந்ததால்தான் கெட்டது புரிகிறது. கருவிக்கும் அதே கதைதான். விடை தெரிந்த இடத்தில் முதலில் வைத்துப் பார்க்க வேண்டும்.

விடை தெரிந்த இடம் எல்லார் வீட்டிலும் உண்டு. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே பாருங்கள். அங்கிருந்து வயர் பெரும்பாலும் நேராகக் கூரைக்கு ஏறும். போர்டுக்கு ஒரு அடி மேலே, இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்துங்கள். கத்துகிற இடத்தில் பென்சிலால் கோடு. பிறகு வலமிருந்து இடமாக வாருங்கள், இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில்தான் வயர். இதையே மூன்று தடவை செய்யுங்கள். கோடுகள் மூன்று தடவையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தால் அந்தக் கருவியை நம்பலாம். ஒரு தடவை இங்கே, ஒரு தடவை அரை அடி தள்ளி என்றால் பில்லோடு திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஜன்னல் மேல் லிண்டலில் வைத்தால் கம்பி காட்ட வேண்டும், அதையும் பாருங்கள். முடிந்தால் கடைச் சுவரிலேயே இந்தச் சோதனையைச் செய்துவிடலாம். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

இன்னொரு நுணுக்கம். பல கருவிகளை ஆன் செய்யும்போது சுவரில் வைத்துத்தான் ஆன் செய்ய வேண்டும். அந்த இடத்தை 'வெறும் சுவர்' என்று அது மனதில் வைத்துக்கொள்ளும். நாம் தெரியாமல் வயர் மேலேயே வைத்து ஆன் செய்தால், வயரையே வெறும் சுவர் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். அதனால் இரண்டு வெவ்வேறு இடத்தில் வைத்து ஆரம்பித்துப் பாருங்கள். பேட்டரி இறங்கியிருந்தாலும் பொய் சொல்லும்.

இப்போது சொல்லப் போவதுதான் உயிர் சம்பந்தப்பட்டது, கொஞ்சம் பேச்சை நிறுத்திக் கேளுங்கள். கரண்டு வயரைக் காட்டும் பகுதி, வயரில் கரண்டு இருந்தால்தான் காட்டும். கரண்டு கட் ஆன நேரத்தில் தேடினால் "வயர் இல்லை" என்று சொல்லும். அதை நம்பித் துளை போட்டுக்கொண்டிருக்கும்போது கரண்டு வந்தால்? அதேபோல லைட் சுவிட்ச் அணைந்திருந்தால், சுவிட்சிலிருந்து லைட்டுக்குப் போகும் வயர் செத்த வயர், கருவி அதைத் தாண்டிப் போய்விடும். ஆகவே தேடும்போது மெயின் ஆனில் இருக்க வேண்டும், அந்த அறையில் லைட், ஃபேன், எல்லாச் சுவிட்சையும் போட்டுவிட வேண்டும். துளைக்கும்போது மெயினை அணைக்க வேண்டும். பழைய வீடாக இருந்தால் பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி நம்ம பையிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். நம்ம ஊர் யூனிட்டில் செய்த கட்டையாகவே இருக்கலாம், பத்திரம்.

இதில் ஒரு சிக்கல், நீங்களே கேட்பீர்கள்: மெயினை அணைத்தால் டிரில்லிங் மெஷின் எப்படி ஓடும்? பக்கத்து வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுக்கலாம், அல்லது பேட்டரியில் ஓடும் மெஷின். செங்கல் சுவருக்கு 6 மில்லிமீட்டர் பிட் போட்டு பேட்டரி மெஷினே போதும், கான்கிரீட்டில்தான் திணறும். அப்புறம் இன்வெர்ட்டர் இருக்கும் வீடு. மெயினை அணைத்ததும் இன்வெர்ட்டர் எழுந்து லைட்டு லைனுக்குக் கரண்டு கொடுக்க ஆரம்பித்துவிடும். அதையும் தனியாக அணைக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கே தெரியாது. நாம்தான் கேட்க வேண்டும்.

கருவி காட்டாததும் உண்டு. பிளாஸ்டிக் தண்ணீர் பைப்பை உலோகம் தேடும் கருவி காட்டாது. குளியலறையில் குழாய்க்கு நேர் மேலும் கீழும், கீசருக்குக் கீழும், இரண்டு குழாய்க்கு நடுவிலும் துளை போடாதீர்கள் என்பதுதான் அங்கே வழி. வயர் இரும்புப் பைப்புக்குள் ஓடினால் கரண்டு இருப்பது தெரியாது, வெறும் இரும்பு என்றுதான் காட்டும். செங்கலும் தூணும் சேரும் இடத்தில் விரிசல் விடாமலிருக்கக் கோழி வலை அடித்துப் பூசியிருப்பார்கள், அங்கே கருவி விடாமல் கத்தும். கத்தினால் இடத்தை மாற்றுங்கள். கத்தவில்லை என்பதற்காக மட்டும் துணியாதீர்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேல், நேர் கீழ், இரண்டு பக்கமும் அரை அடி: அங்கே கருவி என்ன சொன்னாலும் கை வைப்பதில்லை என்று எங்கள் குழுவில் தீர்மானமே எழுதி வைத்திருக்கிறோம்.

புதிதாக வரும் கடைகளிலும் கிளினிக்குகளிலும் ஜிப்சம் பலகைத் தடுப்பு வைக்கிறார்கள். அங்கே மட்டும் நிஜமாகவே ஸ்டட் உண்டு, தகரச் சட்டம், பெரும்பாலும் இரண்டு அடிக்கு ஒன்று. அதைத் தேட மெஷினே வேண்டாம். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை நூலில் கட்டிச் சுவரோடு தொங்கவிட்டு நகர்த்துங்கள். பலகையைச் சட்டத்தோடு முடுக்கிய ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் போய் ஒட்டும். ஒரே நேர்கோட்டில் மேலும் கீழும் இரண்டு மூன்று இடத்தில் ஒட்டினால் அதுதான் சட்டம். செலவு பூஜ்யம்.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான். குழுவுக்கு ஒன்றாக மலிவில் பத்துக் கருவி வாங்க வேண்டாம். உலோகமும் உயிருள்ள வயரும் காட்டுகிற, வாரண்டி உள்ள கருவி ஒன்றே ஒன்று, கூட்டமைப்பு அலுவலகத்தில் இருக்கட்டும். கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம், வேலைக்கு இவ்வளவு என்று சிறு வாடகை பொது நிதிக்கு வந்து சேரட்டும். வாடகை எவ்வளவு என்பதைச் சபைதான் முடிவு செய்ய வேண்டும், எங்களுக்கு வேலையே இல்லாத மாதமும் உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு. திரும்பக் கொண்டுவரும்போது அலுவலகத்துச் சுவிட்ச் போர்டுக்கு மேல் ஒரு தடவை வைத்துக் காட்டி, கத்துகிறது என்று நோட்டில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும்.

இரவல் வாங்கிய கருவி ஒன்று இன்றைக்கு என் பையில் இருக்கிறது. டீ குடித்துவிட்டு வாருங்கள். அதோ மேடைக்குப் பின்னால் அந்தச் சுவிட்ச் போர்டு இருக்கிறதே, அந்தச் சுவரிலேயே மூன்று தடவை வைத்துக் கோடு போட்டுப் பார்க்கலாம். பென்சில் மட்டும் யாராவது கொண்டுவாருங்கள்.