வேண்டாத பாரம் எவர் வாசலில்?



குப்பைக் கிடங்கு ஊருக்கு அவசியம். தம் வாசலில் மட்டும் அதை எவரும் வேண்டார். அமெரிக்காவின் வட கரோலினா மாகாணத்தில் 1978இல் சிலர் பாதையோரங்களில் விஷ எண்ணெயைக் களவாகக் கொட்டினர். நஞ்சேறிய அம்மண்ணைப் புதைக்க அரசாங்கத்தார் தெரிந்தெடுத்தது, கறுப்பரும் ஏழைகளும் மிகுந்த வாரன் ஜில்லாவை. நிலத்தடி நீர் மிக மேலே நிற்கும் பூமி அது. குடிகளோ கிணற்று நீரை நம்பியவர்கள். 1982இல் லாரிகளின் முன் படுத்து மறித்தனர். 500 பேருக்கு மேல் கைதாயினர். கிடங்கோ அமைந்தே விட்டது. மறுவருஷம் மத்திய சர்க்காரின் தணிக்கை இலாகா தென்கிழக்கு மாகாணங்கள் எட்டை ஆராய்ந்தது. அங்கிருந்த 4 நச்சுக் கிடங்குகளில் 3, கறுப்பர் பெரும்பான்மையாய் வாழும் ஊர்களில்! தற்செயல் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

நம் தெருவுக்குக் கிடங்கு வேண்டாமென்று நம் சங்கத்தார் மனுச் செய்யுங்கால், அது எந்த ஏழைத் தெருவுக்குப் போகுமென்று விசாரித்து, அத்தெருவாரையும் கலந்தே இடம் நிச்சயிக்க வேண்டுமென்று அதே மனுவில் எழுதும்படி பிரேரேபிக்கிறேன்.