உலகம் அழியும் நாளும் பெரட்டு மணியும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

"விழாவில என்ன பேசப் போறீங்க?" என்று காலையில் என் மனைவி கேட்டாள். "உலகம் அழியப் போவதைப் பற்றி" என்றேன். "நல்லாத்தான் இருக்கு! பிள்ளைங்ககிட்ட பேசுற பேச்சா இது?" என்று கோபித்துக்கொண்டாள். பயப்படாதீர்கள். உலகம் எத்தனை முறை அழியாமல் போயிருக்கிறது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

1910ஆம் ஆண்டு ஹேலி வால்நட்சத்திரம் வந்தது. அதன் வாலில் சயனோஜன் என்னும் நச்சு வாயு இருப்பதை வானியலார் கண்டார்கள். மே மாதத்தில் பூமி அந்த வாலுக்குள் நுழையும் என்றும் சொன்னார்கள். அவ்வளவுதான்! அமெரிக்காவில் வால்நட்சத்திர மாத்திரை விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த வால் மிக மிக மெல்லியது. பூமிக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. பிழைத்தவர் மாத்திரை வியாபாரி.

1962 பிப்ரவரியில் ஏழு கிரகங்களோடு கேதுவும் மகர ராசியில் கூடுகிறது, பிரளயம் நிச்சயம் என்றார்கள். இந்தியாவெங்கும் யாகம் வளர்த்தார்கள். கிரகங்கள் கூடின, கலைந்தன. நம் ஆண்டுக் கூட்டங்கள் சிலவற்றைப் போல, ஒரு தீர்மானமும் நிறைவேறவில்லை!

அடுத்தது நானே கண்டது. 1979இல் நான் தோட்டப் பள்ளியில் நான்காம் வகுப்பு. ஸ்கைலேப் என்ற அமெரிக்க விண்வெளிக்கூடம், எழுபது டன்னுக்கு மேல் எடை, விழப் போகிறது என்று செய்தி. அது எங்கள் தலையில்தான் விழும் என்று லயத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். அமெரிக்காவுக்கு எங்கள் லயத்து நம்பர் எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த வீட்டு மாமா இரண்டு ஆடு வளர்த்தார். அவருடைய மூத்த மகள் ஆறாம் வகுப்பு. சனவரியில் பட்டணத்துப் பள்ளியில் புகுமுக வகுப்புக்குப் போக வேண்டும். பஸ் காசு, சீருடை, சப்பாத்து எல்லாம் அந்த ஆடுகளை நம்பித்தான். "எப்படியும் சாவப் போறோம், சாப்பிட்டுட்டாவது சாவோம்டா!" என்று மாமா இரண்டையும் வெட்டினார். கடையில் கடனுக்குச் சாமான் வாங்கி, லயத்துக்கே விருந்து வைத்தார். பொய் சொல்லக் கூடாது, நானும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூலை மாதம் ஸ்கைலேப் விழுந்தது. இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்தது. யாருக்கும் காயமில்லை. எஸ்பெரன்ஸ் என்ற ஊரார், குப்பை போட்ட குற்றத்துக்கு அமெரிக்க விண்வெளி நிறுவனத்துக்கு 400 டாலர் அபராதம் போட்டார்கள்! எங்கள் தோட்டத்தில் விடியற்காலை வழக்கம்போல் பெரட்டு மணி அடித்தது. மாமா வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரரின் கடன் புத்தகமும் பத்திரமாக இருந்தது.

சனவரி வந்தது. அந்த அக்காள் பஸ் ஏறவில்லை. அம்மாவோடு மங்கு துடைக்கப் போனாள். எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள். உலகம் அழியவில்லை ஐயா, அவள் படிப்புத்தான் அழிந்தது. அன்று தின்ற கறி இன்றும் எனக்குச் செரிக்கவில்லை.

நமக்கு ஏன் இந்தப் பேச்சில் இத்தனை ஆசை? உலகமே போனால் கடைக்கடனும் போகும், மண்டோரின் ஏச்சும் போகும், வீட்டுப்பாடமும் போகும்! உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம். மாணவர்கள் சிரிப்பதைப் பார்த்தாலே தெரிகிறது.

2012 டிசம்பரில் மாயர் நாள்காட்டி முடிகிறது, உலகமும் முடியும் என்றார்கள். நம் வீட்டு நாள்காட்டியும்தான் டிசம்பர் 31இல் முடிகிறது. மறுநாள் புதியதை மாட்டுகிறோம்.

2000ஆம் ஆண்டுக் கதை மட்டும் வேறு. கணினிகள் பல ஆண்டைக் கடைசி இரண்டு எண்ணால்தான் குறித்து வைத்திருந்தன. 00 வந்தால் 1900 என்று நினைத்துக் குழம்பும். அந்த ஆபத்து உண்மை. ஆனால் படித்தவர்கள் முன்கூட்டியே உட்கார்ந்து, வரி வரியாகத் திருத்தினார்கள். உலகம் தப்பியது. அங்கே யாரும் ஆட்டை வெட்டவில்லை, வேலையைப் பார்த்தார்கள்.

பெற்றோர்களே! இன்று உங்கள் கைப்பேசிப் புலனத்திலும் வாரம் ஒரு பிரளயம் வரும். வரட்டும். பால்மரக் கன்றை நட்டால் வெட்டுக்கு வர ஏறக்குறைய ஆறு ஆண்டு. நாளைமேல் நம்பிக்கை இல்லாதவன் அதை நடுவானா? ஒன்றாம் வகுப்பில் சேர்த்த பிள்ளை ஆறாம் வகுப்பை முடிக்கவும் அதே ஆறு ஆண்டுதான். யார் எந்தத் தேதியைச் சொன்னாலும், பிள்ளையின் படிப்புக்கென்று வைத்த ஆட்டை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

மாணவச் செல்வங்களே! நாளைக்கும் பொழுது விடியும். வீட்டுப்பாடத்தை எழுதி வையுங்கள்.