பழுது எனப்பட்ட கணினி
(வெள்ளி விழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாவில் சாதனைகளைப் பட்டியலிடுதல் மரபு. நானோ ஒரு பழைய கணினியைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

2001-ஆம் ஆண்டு, ஓசூர்த் தொழிற்பேட்டையில் கழிக்கப்பட்ட நான்கு கணினிகள் நம் மத்திகிரி மாலைப் பாடசாலைக்கு வந்து சேர்ந்தன. பணம் கட்டிச் சேர்ந்த பயிற்சி நிலையத்திலும், கணினியின் முன் அமர முறை வாராது பின்னே நின்று பார்த்தவர்கள் நம் பிள்ளைகள். ஆதலின் அந்நான்கும் நமக்குப் பெருஞ்செல்வம். மூன்று நன்கு இயங்கின. நான்காவதில் ஒரு விந்தை: மோடம் தொலைபேசி எண்ணை அழைக்கத் தொடங்கியதும் மவுஸ் அசைவற்று நின்றுவிடும். பார்க்க வந்த மெக்கானிக், "மதர்போர்டே போய்விட்டது; எடைக்குப் போடுங்கள்" என்று கூறிச் சென்றார். எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

கணினியினுள் நிகழ்வது யாது? ஒவ்வோர் உறுப்பும் தன் வேலையைக் கவனிக்குமாறு மையச் செயலியை மணியடித்து அழைக்கின்றது. தலைமையாசிரியர் அறைக்கு வகுப்புதோறும் தனித்தனி மணிக்கம்பி இழுத்திருப்பது போன்றது இது. இரு வகுப்புகள் ஒரே கம்பியில் கட்டப்பட்டால், அழைத்தது யார் என்பது விளங்காது. 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். கணினியில் இத்தகைய கம்பிகள் எட்டே. 1984-இன் ஏ.டி. வகையில் பதினாறு, அவற்றுள் ஒன்று இரு சில்லுகளை இணைக்கவே செலவாயிற்று. கடிகாரம், விசைப்பலகை, வன்தட்டு முதலியன தத்தம் கம்பியைப் பிடித்துக்கொண்டபின் எஞ்சியவை மிகச் சிலவே. முதலாம் தொடர்வாயிலும் மூன்றாம் தொடர்வாயிலும் நான்காம் எண் கம்பியையே பங்கிட்டுக்கொண்டன. எங்கள் மவுஸ் முதல் வாயிலில், மோடமோ மூன்றாவதில்!

இதனைக் கண்டறிந்தவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. நாங்கள் கூடுதல் கார்டுகள் அனைத்தையும் கழற்றினோம். பின் ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொரு முறையும் இயக்கிப் பார்த்தோம். எந்த உறுப்புக்கு எந்த எண் என்பதை அவள் நோட்டில் கட்டம் போட்டு எழுதி வந்தாள். நான்கு என்னும் எண் இருமுறை வந்ததும், "ஐயா, இரண்டு பேருக்கும் ஒரே மணி" என்றாள். பயன்படாதிருந்த இரண்டாம் வாயிலைக் கணினியின் அமைப்புத் திரையில் நிறுத்தினோம். மோடத்தின் ஜம்பரை மாற்றி அவ்விடத்தையும் மூன்றாம் எண் கம்பியையும் அதற்கு அளித்தோம். கணினி உயிர் பெற்றது. புதிதாக ஒரு காசும் செலவாகவில்லை.

1992-இல் வந்த பி.சி.ஐ. முறை, ஒரே கம்பியைப் பலர் முறையோடு பகிர வழி செய்தது. 1995-இன் விண்டோஸ் தானே எண்களை ஒதுக்க முயன்றது. இன்றைய மாணவர் இத்தொல்லையை அறியார். ஆயினும் அதன் பாடம் பழையதாகிவிடவில்லை.

அம்மாணவியையும் "படிப்பு ஏறாது" என்று ஒதுக்கியிருந்தனர். விசாரித்தபோது உண்மை தெரிந்தது. மாலை ஆறு மணிக்கே தெருக்குழாயில் தண்ணீர் வரும். ஆறு மணிக்கே நம் வகுப்பும் தொடங்கும். ஒரு பொழுதிற்கு இரு அழைப்புகள்! வகுப்பை ஏழரை மணிக்கு மாற்றினோம். அவள் மட்டுமன்று, வாராதிருந்த மேலும் பல பெண்பிள்ளைகளும் வந்தனர்.

அண்ணல் அம்பேத்கர் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். இடம் மறுக்கப்பட்டோர்க்கு இடம் அமைப்பதே முதற்பணி என்பதை அவர் செய்து காட்டினார்.

ஆசிரியப் பெருமக்களே! ஒரு பிள்ளையைப் பழுது என்று எழுதுமுன், கட்டம் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதியுங்கள். கோளாறு பெரும்பாலும் பிள்ளையிடம் இராது. நாம் செய்த ஒதுக்கீட்டில் இருக்கும்.

நம் சங்கம் மேலும் வளர்க!